கையில் நிற்காத கேமரா: நீரடி ஹவுசிங்கின் மிதப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஸ்கூபா டைவிங்கில் படம் எடுக்கத் தொடங்குபவர்கள், கேமராவை நீர் படாமல் மூடிக் காக்கும் ஹவுசிங்குக்குள் நீர் கசிந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அதன் மிதப்பைப் பற்றி எண்ணிப்பார்ப்பதில்லை. கசிவு எப்போதோ ஒருமுறை நேர்வது. மிதப்புக் கோளாறோ ஒவ்வொரு டைவிலும் நம்மோடு கூடவே இறங்குகிறது. மணிக்கட்டு வலிக்கிறது, படம் ஆடுகிறது, உடல் சாய்கிறது, காலில் அணிந்த துடுப்பான ஃபின் தரையைத் தொட்டு மணலைக் கிளப்புகிறது. இவை அனைத்தையும் நம் பயிற்சிக் குறை என்று நாமே ஏற்றுக்கொண்டு விடுகிறோம். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மிரர்லெஸ் கேமரா, அலுமினிய ஹவுசிங், இரு கைப்பிடிகள், இரு ஸ்ட்ரோப்கள் (ஃப்ளாஷ் விளக்குகள்), அவற்றைத் தாங்கும் ஆர்ம்கள், லென்ஸுக்கு முன்னால் அகலக்கோணப் படங்களுக்கான அரைக்கோள டோம் போர்ட் அல்லது மிக நெருக்கப் படங்களுக்கான தட்டையான மேக்ரோ போர்ட் என்று அமைந்த ஒரு முழுத் தொகுதியை. சிறிய கேமராவுக்கான பாலிகார்பனேட் ஹவுசிங்குக்கும் இதே கணக்குத்தான். எண்கள் மட்டும் சிறியவை. எந்த அறிகுறியைச் சரிசெய்யப் போனாலும், "எவ்வளவு?" என்பதும் "எங்கே?" என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மொத்தத் தொகுதி கனக்கிறதா, மிதக்கிறதா என்பது முதல் கேள்வி. கனமும் மிதப்பும் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்குரிய கோளாறை முதல் கேள்விக்குரிய மருந்தால் தீர்க்க முயன்று, மிதவைக்கு மேல் மிதவையாக வாங்கிப் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவு

பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசும், தொகுதி முழுவதும் மூழ்கும் அளவுக்குப் பெரிய ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் போதும். மொட்டைமாடியில் டிரம்மின் வாய்க்குக் குறுக்கே ஒரு கழியை வைத்து, அதில் தராசை மாட்டி, தராசிலிருந்து ஹவுசிங்கைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஆர்ம்களை மடக்கிக்கொள்ளலாம், எடை மாறாது. மூழ்கியதும் உடனே எண்ணைப் படிக்காமல், தொகுதியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். கைப்பிடியின் அடிக்குழியிலும் ஆர்ம்களை இணைக்கும் கிளாம்ப்களின் இடுக்கிலும் டோமின் நிழல்மறைப்புக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் குமிழிகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே வருவதைக் காணலாம். அவை நின்ற பிறகு தராசு காட்டுவதையே இக்கட்டுரையில் நீரடி எடை என்று குறிப்பிடுகிறேன்.

கேமராவை உள்ளே வைத்துச் சோதிக்கத் தயக்கமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஹவுசிங் விலக்கும் நீரின் அளவை அதன் வெளி ஓடுதான் தீர்மானிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அதை மாற்றுவதில்லை. ஆகவே வெற்று ஹவுசிங்கை மூடி நீரடி எடையைப் பார்த்துவிட்டு, கேமரா, லென்ஸ், பேட்டரி ஆகியவற்றின் எடையைச் சமையலறைத் தராசில் தனியாகப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். வெற்று ஹவுசிங் மிதந்தால், அறிந்த எடையுள்ள ஈயக்கட்டி ஒன்றைச் சேர்த்துக் கட்டி மூழ்கடித்து, ஈயத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். ஈயமும் நீரில் சற்று இலேசாகிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது: தரையில் 1 கிலோ உள்ள ஈயம் நீருக்குள் சுமார் 910 கிராம்தான்.

குழாய் நீரில் கிடைத்த எண்ணைக் கடலுக்கு மாற்ற ஒரு சிறிய கணக்குத் தேவை. தொகுதி தரையில் 7.4 கிலோவும் நன்னீரில் 900 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 6.5 கிலோ, அதாவது தொகுதி 6.5 லிட்டர் நீரை விலக்குகிறது. கடல்நீர் லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் வரை கூடுதலாகத் தாங்கும் என்பதால், கடலில் 130 முதல் 160 கிராம் வரை எடை குறைந்து, ஏறத்தாழ 750 கிராம் என்று அமையும். நீச்சல் குளத்தில் கச்சிதமாகச் சமன்செய்த தொகுதி கடலில் மேலே போக முயல்வது இந்த வேறுபாட்டினால்தான்.

எந்த எண்ணை இலக்காகக் கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அகலக்கோணப் படங்களுக்குக் கடலில் 100 முதல் 200 கிராம் வரையிலான நீரடி எடையை நான் வைத்துக்கொள்கிறேன். மேக்ரோவுக்கு 300 கிராம் வரை விடலாம். சிறு உயிரினத்துக்கு முன் தொகுதி அலையில் ஆடாமல் நிற்க அந்தக் கனம் உதவுகிறது. வீடியோவுக்கு மட்டும் பூச்சியத்துக்கு மிக அருகில் கொண்டுவருவது பயன் தரும். எந்த நிலையிலும் தொகுதி தானாக மேலே எழக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. காரணத்தை அதற்குரிய அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: தொகுதி முழுவதும் கீழே இழுக்கிறது, அரைமணியில் மணிக்கட்டு வலிக்கிறது

இது "எவ்வளவு" என்ற கேள்வி மட்டுமே, ஆகவே தீர்வும் எளிது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 750 கிராமை 150 ஆக்க வேண்டுமானால் 600 கிராம் மிதப்புத் தேவை. நான்கு ஆர்ம் துண்டுகளுள் இரண்டை ஃப்ளோட் ஆர்ம்களாக, அதாவது தாமே மிதவையாகவும் உதவும் ஆர்ம்களாக, மாற்றினால் பெரும்பாலும் இது கிடைத்துவிடும். வாங்கும்போது விற்பனைப் பெட்டியில் அச்சிட்ட மிதப்பு எண்ணை அப்படியே நம்பாமல், வீட்டு டிரம்மில் ஒருமுறை அளந்துவிடுங்கள். அந்த எண் நன்னீருக்கானதா கடல்நீருக்கானதா, கிளாம்ப்களின் எடையைக் கழித்ததா இல்லையா என்பது பல வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை. கிளாம்ப்களும் அலுமினியம்தான், ஆறு கிளாம்ப்கள் சேர்ந்தால் அவற்றின் நீரடி எடையும் கணக்கில் வரும்.

அறிகுறி: டோம் போர்ட் மாட்டியதும் முகப்பு மேலே தூக்குகிறது

அகலக்கோணப் படம் எடுப்பவர்களை மிகுதியாகத் துன்புறுத்துவது இதுதான். 8 அங்குல டோம் முழு அரைக்கோளமாக இருந்தால் அதற்குள் ஏறத்தாழ 2 லிட்டர் காற்று அடங்கும். விட்டம் பாதியாகி 4 அங்குலமானால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, கால் லிட்டரைச் சற்றே தாண்டும். சிறிய டோமில் அறியவே அறியாத சிக்கல் பெரிய டோமில் கையைத் திருகுவது இதனால்தான். டோம் அக்ரிலிக்கால் ஆனதென்றால் இழுப்பு இன்னும் கூடும். கண்ணாடி தன் கனத்தால் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. லென்ஸுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் வளையமும் காற்றைக் கூட்டுவதோடு டோமை இன்னும் முன்னால் தள்ளி நெம்புகோலையும் நீட்டுகிறது.

இந்த நிலையில் பலர் ஹவுசிங்கின் அடியில், கைப்பிடிகளைத் தாங்கும் டிரேக்குக் கீழே ஈயத்தைக் கட்டுகிறார்கள். மொத்தத் தொகுதி கனத்துப்போகிறதே தவிர முகப்பு தூக்குவது நிற்பதில்லை, ஏனெனில் ஈயம் ஏறக்குறைய கைப்பிடிக்குக் கீழேயே இருக்கிறது. இழுப்போ அதற்கு முன்னால் இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். டோமின் நிகர மிதப்பு 500 கிராம் என்றும், அது கைப்பிடிகளுக்கு 12 சென்டிமீட்டர் முன்னால் செயல்படுகிறது என்றும் கொண்டால், மணிக்கட்டின் மேல் விழும் திருகு 500 பெருக்கல் 12, அதாவது 6,000. இதை ஈடுகட்ட 17 சென்டிமீட்டர் முன்னால், டோமின் நிழல்மறைப்பின் அடிப்பகுதியில், நீரடி எடையாக 350 கிராம் வைத்தால் போதும். அதே திருகை 4 சென்டிமீட்டர் மட்டுமே முன்னால் உள்ள டிரேயிலிருந்து ஈடுகட்டப் போனால் ஒன்றரைக் கிலோ வேண்டியிருக்கும்.

முகப்பில் சேர்த்த 350 கிராம் மொத்த எடையைக் கூட்டிவிடும் என்பது உண்மை. அதை ஆர்ம்களில் மிதவை சேர்த்துக் கழித்துவிடலாம். ஆனால் அந்த மிதவைகள் கைப்பிடிக்கு நேர் மேலேயோ சற்றுப் பின்னாலோ அமைய வேண்டும். ஸ்ட்ரோப்களை டோமுக்குப் பின்னால் இழுத்து வைப்பது அகலக்கோணத்தில் எப்படியும் நல்ல பழக்கம் என்பதால், ஃப்ளோட் ஆர்ம்களும் இயல்பாகவே பின்னால் வந்து சேரும்.

டோமில் ஈயம் கட்டுவதற்கு நான் கையாளும் முறை இது. தூண்டில் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிறு ஈயக்குண்டுகளைப் பழைய வெட்சூட் (டைவ் உடை) துணியால் தைத்த குழல் வடிவப் பையில் அடைத்து, நிழல்மறைப்பின் கீழ்ப்பாதியில் வெல்க்ரோ பட்டையால் சுற்றிவிடுகிறேன். துணி மென்மையானது, ஆகவே டோமில் கீறல் விழாது. குண்டுகளைப் பத்துப் பத்து கிராமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பை டோமின் விளிம்பைத் தாண்டி முன்னால் நீண்டால் படத்தின் கீழ் மூலையில் கருநிழலாகத் தெரியும். எனவே கரையிலேயே லென்ஸின் மிக அகலமான கோணத்தில் ஒரு படம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மேக்ரோ போர்ட்டிலோ வெட் லென்ஸிலோ முகப்பு கீழே கவிழ்கிறது

முந்தையதன் நேர் எதிர். தட்டை போர்ட்டுக்குள் காற்று குறைவு. அதன் முகத்தில் நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் குளோஸ்-அப் வெட் லென்ஸ் முழுக்கக் கண்ணாடியும் உலோகமுமாக இருக்கும். போதாததற்கு மேக்ரோ எடுக்கையில் ஸ்ட்ரோப்களையும் முன்னால் கொண்டுவருகிறோம். போர்ட்டைச் சுற்றி அணிவிக்கும் மிதவை வளையம் இதற்குச் சரியான மருந்து, ஏனெனில் கனம் இருக்கும் இடத்திலேயே மிதப்பையும் வைக்கிறது. வெட் லென்ஸைக் கழற்றி ஆர்மில் உள்ள தாங்கியில் மாட்டும்போது சமநிலை மாறும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். லென்ஸ் மாட்டிய நிலைக்கே சமன்செய்யுங்கள், அப்போதுதான் படம் எடுக்கிறோம்.

அறிகுறி: செங்குத்தாகத் திருப்பினால் தொகுதி தானாக நிமிர்ந்துவிடுகிறது

எடை சரி, முன்பின் சமநிலையும் சரி. ஆனால் நெடுவாக்கில் படம் எடுக்கத் திருப்பினால் கை விடுவதற்கு முன்பே கேமரா கிடைநிலைக்குத் திரும்ப முயல்கிறது. மிதப்பெல்லாம் உயரத்திலும் கனமெல்லாம் அடியிலும் இருப்பதே காரணம். ஃப்ளோட் ஆர்ம்களை வெளித் துண்டுகளிலிருந்து ஹவுசிங்கை ஒட்டிய உள் துண்டுகளுக்கு மாற்றுங்கள். டிரேயின் அடியில் ஈயம் இருந்தால் அகற்றுங்கள். இந்த நிமிரும் தன்மையை அறவே ஒழிக்கவும் வேண்டாம். சிறிதளவு இருந்தால் வீடியோவில் அடிவானம் சாயாமல் இருக்க அது துணைசெய்கிறது.

திருப்பாமலேயே தொகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அது வேறு சிக்கல். அந்தப் பக்கத்து ஃப்ளோட் ஆர்மைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப்பாருங்கள். உள்ளே நீர் சலசலத்தால் அதன் மூடிப் பிசின் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஆர்மை இனி நம்ப முடியாது.

அறிகுறி: மேலே சரியாக இருந்தது, ஆழத்தில் கனக்கிறது

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். ஃப்ளோட் ஆர்ம் வாங்கும் செலவைத் தள்ளிப்போட எண்ணி, நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயை வெட்டி ஆர்ம்களில் செருகி, டிரம்மில் கிராம் கணக்காகச் சமன்செய்திருந்தேன். புதுச்சேரிக் கரைக்கு அப்பால் படகிலிருந்து இறங்கியபோது முதல் 5 மீட்டர் வரை தொகுதி இறகுபோல இருந்தது. 18 மீட்டரில் மணல்தரையை அடைந்தபோது இரு கைகளாலும் தாங்க வேண்டியிருந்தது. கண்ணெதிரே அந்த நுரைத்துண்டுகள் ஆர்மை இறுகப் பிடித்து, தோல் சுருங்கிய காயைப்போல மெலிந்திருந்தன. மேலே வந்ததும் ஏறத்தாழப் பழைய வடிவுக்குத் திரும்பின. சில டைவுகளுக்குப் பிறகு அதுவும் இல்லை, சுருங்கியது சுருங்கியபடியே நின்றுவிட்டன.

காரணம் எளிது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. மெல்லிய அறைகளில் அடைபட்ட காற்று அந்த அளவுக்குச் சுருங்க முயல்கிறது. நுரையின் சுவர் எவ்வளவு விறைப்போ அவ்வளவுதான் அதைத் தடுக்கும். ஆகவே விரலால் அழுத்தினால் குழியும் எந்த நுரையையும் கடலுக்குக் கொண்டுசெல்லாதீர்கள். நகத்தால் அழுத்தினாலும் தடம் பதியாத கட்டிநுரைகளும், காற்றடைத்த உலோக அல்லது கார்பன் இழைக் குழாய்களுமே ஏற்றவை. அவற்றுக்கும் ஆழ வரம்பு உண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள். ஐயம் இருந்தால், மீன் நிறுக்கும் சுருள்வில் தராசை டைவுக்கே எடுத்துச் சென்று, அடியில் தொகுதியை அதில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். மின்னணுத் தராசு செய்ய முடியாத வேலை இது.

நீங்கள் அணிந்த வெட்சூட்டும் இதே விதிப்படி ஆழத்தில் சுருங்கும் என்பதால், கனப்பது கேமராவா நீங்களா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) காற்றைச் சேர்த்து உடலைச் சமன்செய்துவிட்டு, தொகுதியைத் தனியாக இரு விரல்களில் தாங்கிப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே ஆழத்தில் இருக்கும்போதே படிப்படியாகக் கனக்கிறது

படம் எடுப்பதை உடனே நிறுத்துங்கள். ஆழம் மாறாமல் எடை கூடினால் ஹவுசிங்குக்குள் நீர் புகுகிறது என்று கொள்வதே பாதுகாப்பானது. 200 மில்லி நீர் புகுந்தால் ஹவுசிங் 200 கிராம் கனக்கும். நன்கு சமன்செய்த தொகுதியில் கை அதை உடனே உணரும். எச்சரிக்கை விளக்கு இல்லாத ஹவுசிங்கில் இந்த உணர்வுதான் ஒரே எச்சரிக்கை. தொகுதியைத் துல்லியமாகச் சமன்செய்து வைப்பதற்கு நான் கூறும் காரணங்களுள் இதையும் முதன்மையாகக் கருதுகிறேன். போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். புகுந்த நீர் கேமராவின் உடலை விட்டு விலகிப் போர்ட்டுக்குள் தேங்கும். பிறகு வழக்கமான வேகத்தில், வழக்கமான சேஃப்டி ஸ்டாப்புடன் (மேற்பரப்புக்கு வருமுன் 5 மீட்டரில் சற்று நிற்பது) மேலே வாருங்கள். எந்தக் கேமராவுக்காகவும் ஏறும் வேகத்தைக் கூட்டக் கூடாது.

கசிவு உண்டா என்று அறிய ஹவுசிங்கிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் சோதனையால் மிதப்பு குறைந்துவிடும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 1 லிட்டர் காற்றின் எடையே 1.2 கிராம்தான், ஓட்டின் அளவும் மாறுவதில்லை. அந்தச் சோதனையைத் தயங்காமல் செய்யுங்கள்.

அறிகுறி: சென்ற பயணத்தில் சரியாக இருந்தது, இப்போது இல்லை

எதை மாற்றினீர்கள் என்று பட்டியலிடுங்கள். ஸ்ட்ரோப்களின் ஏஏ பேட்டரிகளைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்று 27 கிராம் முதல் 30 கிராம் வரை இருக்கும். லித்தியம் பேட்டரி 15 கிராம்தான். எட்டு பேட்டரிகளை மாற்றினால் 96 முதல் 120 கிராம் வரை வேறுபாடு வந்துவிடுகிறது. அடுத்து, கடல். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நம் வங்கக் கடற்கரையோரத்தில் மேல்மட்ட நீரின் உப்பு குறைகிறது. செங்கடல் அதைவிட மிகவும் உப்பானது. 6.5 லிட்டர் தொகுதி இவ்விரண்டு நீருக்கும் இடையில் 50 கிராம் அளவுக்கு வேறுபடும். 150 கிராம் இலக்கு வைத்திருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம்; பூச்சியத்தில் சமன்செய்தவருக்குச் செங்கடலில் கேமரா மேலே போகும்.

டைவின் முதல் ஐந்து நிமிடம் மட்டும் இலேசாக இருந்து பிறகு சரியாகிறது என்றால் ஒட்டிக்கொண்ட குமிழிகளே காரணம். குதித்தவுடன் மேற்பரப்பிலேயே தொகுதியை எல்லாப் பக்கமும் ஒருமுறை சுழற்றுங்கள்.

அறிகுறி: கேமராவைப் பிடித்தால் உடல் சாய்கிறது, ஃபின் தரையில் படுகிறது

நீட்டிய கைகளில் உள்ள தொகுதி நம் உடலின் மையத்திலிருந்து அரை மீட்டருக்கும் மேல் முன்னால் இருக்கிறது. அது மிதந்தால் தோள் உயர்ந்து கால்கள் தாழும். கனத்தால் தலை தாழும். கால்கள் தாழ்வதுதான் தீங்கு மிக்கது, ஏனெனில் படமெடுப்பவரின் கண் முன்னால் இருக்க, பின்னால் ஃபின் பவளத்தை ஒடிப்பதை அவர் அறிவதே இல்லை. இந்தியாவில் பாறைப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஒடிந்த கிளை மீண்டும் வளர ஆண்டுகள் பிடிக்கும். கேமரா இல்லாமல் அசையாது கிடைநிலையில் மிதக்க முடிகிறதா என்று முதலில் சோதியுங்கள். முடியவில்லை என்றால் கோளாறு ஹவுசிங்கில் இல்லை. உங்கள் ஈயத்தை இடுப்பிலிருந்து சற்று மேலேயோ கீழேயோ நகர்த்திப் பார்க்க வேண்டும். கேமரா இல்லாமல் சரியாக இருந்து, பிடித்ததும் சாய்ந்தால் மட்டும் தொகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: கைவிட்டால் கேமரா மேலே எழுகிறது

உடனே ஈயம் சேருங்கள். அடுத்த டைவுக்குத் தள்ளிப்போட வேண்டாம். எழும் கேமரா வேகம் பிடித்து மேற்பரப்பை அடைந்து நீரோட்டத்தில் போய்விடும் என்பது பொருள் இழப்பு மட்டுமே. அதைத் துரத்திக்கொண்டு டைவர் மேலே பாய்வதுதான் உயிருக்கு ஆபத்து. நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற ஏறும் வேக வரம்பு அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராது. சற்றே கனமான தொகுதியோ மெல்லக் கீழிறங்கும், கையை நீட்டிப் பிடித்துவிடலாம். ஸ்நார்க்கலுக்காக விற்கும் மிதக்கும் கைப்பிடிகளை ஆக்‌ஷன் கேமராவில் மாட்டியபடியே டைவுக்கு இறங்குபவர்களுக்கும் இது பொருந்தும். டைவுக்கு அதைக் கழற்றிவிட்டு, சுருள்கயிற்றால் கேமராவைப் பிசிடியின் டி-வளையத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கேமராவைப் படகில் கொடுத்ததும் நான் மேலே போகிறேன்

1 கிலோ நீரடி எடையுள்ள தொகுதியைச் சுமப்பவர், "கேமராவே கனமாக இருக்கிறதே" என்று தம் இடுப்புப் பட்டையிலிருந்து 1 கிலோ ஈயத்தை எடுத்துவிட்டால் இது நேரும். டைவின் தொடக்கத்தில் தெரியாது. அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம் 50 பாராகக் குறையும்போது சுமார் 2 கிலோ காற்று செலவாகியிருக்கும். கடைசியில் 5 மீட்டரில் சேஃப்டி ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் உடல் மிக இலேசாக இருக்கிறது. அந்த நேரத்தில் கேமராவைத் துணைவரிடம் கொடுத்தால் ஸ்டாப்பை முடிக்காமலேயே மேற்பரப்புக்குப் போய்விடுவீர்கள். எடைச் சோதனையை எப்போதும் கேமரா இல்லாமல், சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும் நிலையில் செய்துகொள்ளுங்கள். அதில் கிடைக்கும் ஈயத்தின் அளவைக் கேமராவுக்காகக் குறைக்காதீர்கள். கேமராவின் கனத்தைக் கேமராவிலேயே மிதவையால் தீர்த்துவிட்டு இறங்குங்கள்.